ஏழாம் நம்பர் உறை

பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, ஏழாம் நம்பர் உறையை மட்டும் எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள் ஜெராக்ஸ் கடைக்கார அம்மா.

மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்த பல்செட்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏழாம் நம்பர் அவருடையது.

அந்தக் கடையில் இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை நடக்கிற விளையாட்டு அது. பாட்டுப் பைத்தியங்கள் பதினோரு பேர். அவரவருக்குப் பிடித்த பாட்டுகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, வீட்டிலேயே சிடியில் ஏற்றி, பட்டியலோடு உறையில் போட்டுப் பெட்டியில் சேர்க்க வேண்டும். பெயர் கூடாது, நம்பர் மட்டும். மறுநாள் ஆளுக்கொன்று, பெட்டிக்குள் பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர் ஒரு சீட்டு எழுதி, நம்பரைப் போட்டு, கடைப் பலகையில் குத்திவிட்டுப் போவார்.

பார்க்காமல் எடுக்கணும் என்று சட்டம் போட்டதே இந்த அம்மாதான். பதினோரு பேரில் அவளும் ஒருத்தி.

பல்செட்காரர் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. மாசம் தவறாமல் அவருக்கு ஒரு சீட்டு இருக்கும். 'ஆறாவது பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்க மனசே வரவில்லை.' 'இந்த வரிசையை யோசித்தவருக்கு என் வணக்கம்.' யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கழற்றி, பர்சில் வைத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு வேலை எங்கே ஓடும்? பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டே மிதப்பார். இந்நேரம் எந்த வீட்டு ஜன்னலோரம் என் பாட்டு ஓடுகிறதோ? யார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்கிறார்களோ?

"ஊருக்கெல்லாம் வாய் நிறையப் பல்லு செஞ்சு குடுக்கறீங்க. உங்க பல்லை நானே இப்பத்தான் பாக்கறேன்" என்பாள் மனைவி.

அந்த சிடிதான் இப்போது அந்தம்மாவின் பைக்குள் போய்விட்டது.

"ஏம்மா, இது அநியாயமா இல்ல?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சார்! நீங்க இன்னும் போகலையா?"

"பாக்காம எடுக்கணும்னு எங்களுக்கெல்லாம் பாடம் நடத்திட்டு, நீங்க மட்டும் பொறுக்கி எடுப்பீங்களா? எத்தனை மாசமா நடக்குது?"

"ஏழு மாசமா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

ஏழு மாசமாவா! கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அவருக்கு உள்ளுக்குள் லேசாகக் குளிர்ந்துதான் போயிற்று. "நல்ல சிடின்னா நாலு பேர் கேக்கட்டுமே. நீங்களே அமுக்கிக்கிட்டா எப்படி?"

"அமுக்கல சார். இந்த ஏழாம் நம்பர் சிடி யார் வீட்டுலயும் ஓடாது."

"என்னது?"

"முதல் மாசம் எடுத்தவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து குடுத்துட்டார். நானும் இங்க போட்டேன், வீட்டுல போட்டேன், எங்க அண்ணன் கார்லகூடப் போட்டுப் பாத்துட்டேன். ஒரு சத்தம் இல்ல. பாட்டை ஏத்தி முடிச்சதும் கம்ப்யூட்டர்லயே சிடியை மூடணும் சார். இவங்க மூடாமலே விட்டுடறாங்க. அப்படி விட்டா ஏத்தின கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். வேற யார் கைக்காவது போனா, கன்னாபின்னான்னு எழுதிக் குத்திடுவாங்களேன்னுதான் நானே எடுத்துக்கறேன்."

பல்செட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. 'மூடவா?' என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கேட்கும். மூடினால் பாட்டெல்லாம் போய்விடுமோ என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் 'வேண்டாம்' என்று அழுத்தியது சாட்சாத் அவரேதான்.

பர்சைத் திறந்து சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்போ இதெல்லாம்?"

அவள் சீட்டுகளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்கதானா ஏழாம் நம்பர்? நான் யாரோ காலேஜ் பொண்ணுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"ஓடாத சிடிக்கு!" சீட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். "எட்டு மாசமா யார் யாரோ கேக்கறாங்கன்னு நினைச்சு நினைச்சுப் பூரிச்சுப் போயிருக்கேன்மா. ஒரு காதுகூட இல்லையா? பாவம் பொழைச்சுப் போகட்டும்னு எழுதிப் போட்டீங்களா? 'ஓடல'ன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

"எழுதினேன் சார். பலகையில குத்தப் போறப்பதான் பட்டியலைப் படிச்சேன். உடனே அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

கைப்பையிலிருந்து போன மாசம் வரைக்குமான ஏழு பட்டியல்களை எடுத்தாள். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்து போயிருந்தன.

"இதுல இருக்கற பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். மத்தியானம் கடையில ஆள் இருக்காது. மெஷினை நிறுத்திட்டு, கண்ணை மூடிக்கிட்டு, நீங்க எழுதின வரிசைப்படியே ஒவ்வொண்ணா மனசுக்குள்ள ஓட விடுவேன். படகுப் பாட்டுக்கு அடுத்து ஒரு தாலாட்டு வெச்சிருந்தீங்க பாருங்க, நான் எங்கயோ போயிட்டேன் சார். வெளிய நின்னு ஒருத்தர் மூணு தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேக்கவே இல்ல. ஓடலன்னு சொல்லிட்டா, அடுத்த மாசம் போடாம விட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மறுபடி பர்சில் வைத்தார்.

"இருந்தாலும், நான் போட்டதை நீங்க கேக்கலையேம்மா" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

அவள் பட்டியல்களைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த ரெண்டு வருஷத்துல ஓடின சிடி எல்லாத்தையும் நான் பாதியிலயே நிறுத்தியிருக்கேன் சார். கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டது உங்களோடதை மட்டும்தான்."