தாயத்துக்குள் கற்கண்டு

ரயில் நிலையத்தில் ஆட்களைக் கதிரால் சோதிக்கும் வாசலில் எதையும் திறந்து காட்ட வேண்டாம். மூடிய பொருளுக்குள் இருப்பதைத் திரையே சொல்லிவிடும்.

நிறைமாதக் கர்ப்பிணி யாழிசை அம்மாவுடன் உள்ளே நுழைந்தாள். குழந்தையாக இருந்தபோது அவள் இடுப்பில் அம்மா கட்டிய வெள்ளித் தாயத்து இப்போது அவள் கழுத்தில் கிடந்தது.

'தாயத்து: வெள்ளி. உள்ளே: கற்கண்டு' என்றது திரை.

யாழிசை சிரித்தாள். "மெஷின் தப்பா சொல்லுதும்மா. உள்ள என் தொப்புள்கொடிதானே?"

காவலர் மறுபடி சோதித்தார். மறுபடியும் கற்கண்டு.

"ஆபத்தான பொருள் ஒண்ணுமில்ல, போங்கம்மா."

யாழிசை நகரவில்லை. அம்மா சகுந்தலாவையே பார்த்தாள்.

"குழந்தைகள் இல்லத்துல உன்னை என் கையில குடுத்தப்பவே கொடி விழுந்திருந்துச்சு, கண்ணு. வெறும் தாயத்தைக் கட்ட எனக்கு மனசு வரல."