விரல் படாத பெயிண்ட்

அறுபத்திரண்டு ரூபாய் எட்டணா. காருக்குப் பெயிண்ட் அடித்த கூலியில் சிலுவைக்கு வரவேண்டிய பாக்கி அது. அதைக் கேட்கத்தான் அவன் இன்றைக்கும் ஷெட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்று குமாரதாஸ் முதலாளிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மொதலாளி, மழைக்கு முன்ன கூரை மேயணும். ஓலைக்காரனுக்கு வாக்குச் சொல்லியாச்சு."

"லேய் சிலுவ, தரமாட்டேன்னா சொல்லுதேன்? வண்டி ரோட்டுல எறங்குத அன்னைக்கு ஒனக்க ரூவாய எண்ணி வாங்கிக்க."

"எப்பம் எறங்கும்?"

"பெயிண்டு நல்லா எறுகட்டும்லே. என்ன அவசரம்?"

பெயிண்ட் அடித்து அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது.

களியக்காவிளையில் கொப்பரை வியாபாரம் செய்து காசு சேர்த்தவர் முதலாளி. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பழைய காரை வாங்கி, நாவல்பழ நிறத்தில் புதுப் பெயிண்ட் அடிக்க வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயிண்டுக்கு ஒரு கேடும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்குப் பொழுதுக்கும் கவலை.

எஞ்சினை ஓட்டினால் குலுங்கிப் பெயிண்ட் வெடித்துவிடும். ஆகவே கார் ஓடவில்லை. அவர் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தார். மனிதர் மூச்சுப் பட்டால் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே சிலுவையைத் தவிர யாரும் ஷெட்டுக்குள் தங்கக்கூடாது. அவருமே வாசலில் நின்றுதான் பார்ப்பார்.

தூசி விழாமலிருக்க மனைவியின் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துப் போர்த்தினார்.

"எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தப்பம் கொப்பரைச் சாக்க எடுத்துத் தந்த மனுசனாக்கும் இது," என்றாள் சொர்ணம்மாள், அவர் காதில் விழும்படியாகவே.

சிலுவைக்குத் தினமும் வேலை இருந்தது. காலையில் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். மார்த்தாண்டத்துத் தேன்மெழுகை டர்பன்டைனில் இளக்கிப் பூசி, காய்ந்த பிறகு பழைய மல்வேட்டியால் தேய்த்து மெருகேற்றவேண்டும்.

"இதுக்குக் கூலி உண்டா மொதலாளி?"

"நீ அடிச்ச பெயிண்டுதானலே? நீ நோக்காம பின்ன யாரு நோக்குவா?"

சிலுவை தலையாட்டினான். சாயங்காலமானால் அழுக்குத் துணிகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகு வளைய நடந்து வீடு போய்ச் சேருவான்.

இரண்டாம் மாதத்தில் அவன் ரூபாய் கேட்பதையே விட்டுவிட்டான். எழுத்துத் தெரியாதவன், கணக்கு மறந்துபோயிருக்கும் என்று முதலாளி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ஞாபகப்படுத்தவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை காரை முற்றத்துக்குத் தள்ளிக் காற்றாட விடுவது வழக்கம். ஆரம்பத்தில் கொப்பரைக் கடை ஆட்கள் நாலு பேர், முதலாளி உத்தரவுப்படி மூச்சை அடக்கிக்கொண்டு, கண் பிதுங்கத் தள்ளினார்கள். இப்போது சிலுவை ஒருவனே தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பாத்தீரா ஓய்?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "நல்ல மெழுகு போட்டா வண்டிக்கு வழுக்கு வரும். வழுக்கு வந்தா பாரம் தெரியாது."

பக்கத்துக் கடைக்காரர் அன்றைக்கே தன் மாட்டுவண்டிக்கும் மெழுகு வாங்கினார்.

மூன்றாம் மாதம் மகளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கார் உள்ள வீடு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பா பெண்ணை ஒருமுறை பார்த்தார். முற்றத்தில் நிறுத்தியிருந்த காரை மூன்றுமுறை சுற்றி வந்தார். கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"நல்ல நாளாக்கும் ஓய். இதுலயே திருவட்டாறு வரைக்கும் போயி, பெருமாளைத் தொழுதுட்டு வந்திருவமே?"

மாட்டேன் என்றால் சம்பந்தம் போய்விடும். முதலாளி டிரைவர் ஆபேலுக்கு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

ஆபேல் எஞ்சினைக் கிளப்ப முன்பக்கத்தில் கைப்பிடியை நுழைத்துச் சுழற்றினான். அது எதிலும் பிடிக்காமல் வெறுமனே சுற்றியது. அவன் பானெட்டில் கை வைத்தான்.

"லேய், துண்டு போட்டுப் பிடிலே! விரல் பதிஞ்சிரும்!" என்று முதலாளி அலறினார்.

துண்டு போட்டுத் திறந்த ஆபேல் உள்ளே எட்டிப் பார்த்தான். முற்றத்துத் தரை தெரிந்தது. அதில் ஒரு கோழி நின்றுகொண்டு அவனை அண்ணாந்து பார்த்தது.

"மொதலாளி... எஞ்சின் எங்க?"

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி மெதுவாகத் திரும்பி சிலுவையைப் பார்த்தார்.

சிலுவை முதலில் பானெட்டை மூடினான். ஆபேலின் விரல் பட்டிருந்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். பிறகு மடியை அவிழ்த்து, மூன்று ஓரணாக் காசுகளை எடுத்து, பெயிண்டில் உரசாமல் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தான்.

"பழைய இரும்பு வெலதான் கெடச்சுது மொதலாளி, எனக்க கூலி போக மிச்சம் மூணணா."