ஜெனீவாவுக்கு ஒரே டிக்கெட்

“மாண்புமிகு நீதிபதி அவர்களே, பக்கத்து நாடு எல்லையில் படையைக் குவிக்கிறது. அடி விழும்வரை எங்கள் நாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?”

ஜெரால்ட் மேசையைத் தட்டியதும் அரங்கத்தில் விசில் பறந்தது.

திருவள்ளூரில் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி, இறுதிச் சுற்று. முதலிடம் பிடிப்பவருக்கு ஜெனீவா பயணம். காக்களூர் லேத் பட்டறைத் தொழிலாளியின் மகன் பிளேன் ஏறப்போகிறான் என்று ஜெரால்டின் தெருவே இப்போதே குதித்துக்கொண்டிருந்தது. வழக்கு கற்பனைதான். குண்டு போட்ட பெரிய நாட்டுக்கு அவன் வக்கீல். அடி வாங்கிய சின்ன நாட்டுக்கு, வேறு கல்லூரியிலிருந்து வந்த கிறிஸ்டினா.

அவள் நிதானமாக எழுந்தாள்.

“எங்கள் படை நின்றது எங்கள் மண்ணில். ஒரு தோட்டாகூட எல்லை தாண்டவில்லை. ஆயுதத் தாக்குதல் நடந்தால்தான் தற்காப்பு என்கிறது ஐ.நா. சாசனம். சந்தேகப்பட்டாலே குண்டு போடலாம் என்றால் எந்தச் சின்ன நாடு மிஞ்சும்? நாடு போய்விட்டால் அந்த மக்கள் எங்கே போவார்கள், ஐயா?”

சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெரால்ட் தன் குறிப்புகளை மூடி வைத்தான். ‘என்னமா நடிக்கிறா!’ என்று உள்ளுக்குள் பொருமினான்.

பயந்தபடியே ஆயிற்று. கிறிஸ்டினா முதலிடம், அவன் இரண்டாமிடம். கைதட்டல் காதைப் பிளந்தது.

வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு கை குலுக்கப் போனான்.

“செமயா பேசன கிறிஸ்டினா. கடைசில அழுவுற மாதிரி பேசி என்னைக் கவுத்துட்டியே!”

அவள் சிரித்தாள். “பெட்டிய ரெடி பண்ணு. ஜெனீவாவுக்கு உன் பேரத்தான் குடுக்கச் சொல்லிக்கிறேன்.”

“இன்னாது! நெசமாவா?” அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் எதிரில் வந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அப்புறம்தான் மனசு உறுத்தியது. “ஏன், ஊட்ல உடமாட்டாங்களா?”

“எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கினு அனுப்பி வைக்கும்.”

“அப்ப இன்னாதான் பேஜாரு?”

“பாஸ்போர்ட் கேக்கறாங்க.”

“அவ்ளோதானா? அப்ளை பண்ணா வந்துடப் போவுது!”

“அத்தக் குடுக்க எனக்குன்னு ஒரு நாடு வேணுமே, ஜெரால்ட்” என்றாள் கிறிஸ்டினா. “நான் பொறந்தது, வளந்தது எல்லாம் கும்மிடிப்பூண்டி அகதிங்க முகாம்லதான்.”