கம்பத்தடி வீட்டுக் குரல்

"விடியக்காலைல என்னைக் கூப்பிட்ட பொம்பளை யாரு? வெளிய வரச் சொல்லுங்க!"

வாசலில் யாரோ கத்துவது கேட்டு, உள்ளே கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த பாஸ்டரின் மனைவிக்குக் கை நின்றது. எட்டிப் பார்த்தாள். பின்தெரு வெல்டர். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"இது வானொலி நிலையம்ங்க..." என்று இழுத்தார் பாஸ்டர்.

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை, கொல்லையில் ஓர் உயரக் கம்பம், அவள் தம்பி தன் கையாலேயே செய்த ஒலிபரப்புப் பெட்டி. நிலையம் என்றால் அவ்வளவுதான். மூன்று வாரமாகத் தினமும் விடியலில் அவள் ஜெபித்தாள், பாடினாள். ரேடியோ இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று; எதிலும் வெறும் இரைச்சல். மாலையில் சபைக் கமிட்டி வருகிறது. கேட்டேன் என்று சொல்ல ஒரே ஓர் ஆளாவது வேண்டும். இல்லையென்றால் நிலையத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எந்தப் பொம்பளைண்ணே?" என்றான் தம்பி.

"தினம் எங்க வீட்டுல பாடுறாய்யா! பாடி முடிச்சதும், 'என் குரல் கேட்டா கம்பத்தடி வீட்டுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க'ன்னு கெஞ்சுறா. என் பொண்டாட்டி விளக்கமாத்தைத் தூக்கிட்டா. 'எவ அவ, உன்னை வீட்டுக்குக் கூப்பிடுறவ?'ங்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

கம்பிச்சுருள் நழுவி விழ, அவள் வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, அது என்ன பாட்டு?"

வெல்டர் இரண்டடி பின்னால் போனார். "இதே குரல்! நீங்கதானா தாயே அது? மேய்ப்பன், ஆட்டுக்குட்டின்னு ஏதோ வருமே..."

"அக்கா, கேட்டிருக்கு! நம்ம பெட்டி வேலை செஞ்சிருக்கு!" தம்பி பாஸ்டரை அப்படியே தூக்கிவிட்டான்.

"இறக்குடா, இடுப்பு போயிடும்!" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

"கொண்டாட்டம் அப்புறம் இருக்கட்டும். முதல்ல வந்து என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நேத்துல இருந்து எனக்குச் சோறு இல்லை."

"நீங்க இங்க மைக்குல பேசுங்க. நான் போய்க் கேட்கிறேன்," என்றாள் கணவனிடம். "உங்க குரல் வெளிய எப்படி இருக்குன்னு எனக்கும் தெரியணும்."

சுருட்டிய கம்பிகளைத் தம்பி மறுபடி இணைத்துவிட்டு அவளோடும் வெல்டரோடும் ஓடினான்.

கம்பத்தின் நிழல் விழுகிற தூரத்தில்தான் வெல்டர் வீடு. விளக்குமாறும் கையுமாக நின்ற அவர் மனைவி, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவதானா?"

"நான்தாங்கக்கா. ஊரையே கூப்பிட்டேன். வந்தது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

அதற்குள் வீடு முழுக்க ஒரு குரல் எழுந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதிர்வு. ஆனால் அவர்தான். "எங்களை மறவாத தகப்பனே..." என்று பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். அவளுக்கு மெய்சிலிர்த்தது. தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணே, உங்க ரேடியோவுல முள் எந்த நம்பர்ல நிக்குது?" தம்பி பரபரத்தான். "அதைச் சொன்னா ஊரே வெச்சுக் கேட்குமே!"

"ரேடியோவா?" வெல்டரின் மனைவி விளக்குமாற்றை மேலே நீட்டினாள். "எங்க வீட்டுல அதெல்லாம் ஏது? அங்க இருந்துதான் வருது."

தம்பி முக்காலியில் ஏறி, கூரையில் துருவேறிய ஆணியருகே உள்ளங்கையை வைத்தான்; குரலோடு சேர்ந்து அது அதிர்ந்தது. அவன் முகம் வெளுத்தது.

"கம்பம் இவ்வளவு பக்கத்துல இருந்தா துருப்பிடிச்ச இரும்பும் பாடும்னு படிச்சிருக்கேன், நம்பலை. அக்கா, நான் பெட்டியில கம்பிச்சுருளைத் தப்பாச் சுத்தியிருக்கேன். நம்ம அலை எந்த ரேடியோவோட முள்ளுக்கும் எட்டாத இடத்துல போயிருக்கு. நாளைக்குள்ள மாத்திடுறேன். சாயங்காலம் கமிட்டியை இங்கேயே கூட்டிட்டு வாங்க!"

இன்றைக்கு எத்தனையோ ஊர்களில் ஒலிக்கிற அந்த நிலையத்தை, ஊரில் ஒரு ரேடியோவும் கேட்காத அந்த மூன்று வாரமும், ஒரு வரி விடாமல் கேட்டுத் திருப்பிப் பாடியது வெல்டர் வீட்டுக் கூரைத் தகரம்.