கண்ணாடியில் இல்லாத முகம்

உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் மாலை வெயில் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. தையற்கடைக்காரி எடை கோத்த இரும்புக் கம்பியின் முன் குனிந்து நிற்கிறாள். பக்கவாதத்தில் விழுந்த கணவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கித் தூக்கி, போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்காக அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு நிற்பது அவளுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் முதுகு வளையாமல் தரையிலிருந்து எடை தூக்கும் இந்த டெட்லிஃப்ட். "இடுப்பைப் பின்னால தள்ளுங்க. கம்பி காலை ஒட்டியே வரட்டும்," என்கிறாள் பயிற்சியாளர் பெண். எல்லாம் சொன்னபடி வருகிறது. தூக்கும் நொடியில் மட்டும் கழுத்து எதிர்ச்சுவர்க் கண்ணாடிப் பக்கம் வெடுக்கென்று நிமிர்கிறது, முதுகு வளைகிறது, கம்பி டங்கென்று தரைக்குத் திரும்புகிறது. "மறுபடியும் கண்ணாடியா? அழகெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா." "யாரு கண்ணாடியைப் பாத்தா?" என்று சீறுகிறாள் தையற்கடைக்காரி. "அவரு முகத்தைப் பாத்துட்டேதான் தூக்கிப் பழக்கம். வலிச்சா வாயைத் தொறந்து சொல்ற ஆளா அவரு? புருவம் சுருங்கும், அவ்வளவுதான்." பயிற்சியாளரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. அவள் கம்பிக்கு எதிரே கொஞ்சம் தள்ளித் தரையில் குந்துகிறாள். "என் முகத்தைப் பாருங்க. கழுத்து அப்படியே இருக்கட்டும்." முதுகு பலகை மாதிரி நிற்க, கம்பி முழங்காலை உரசிக்கொண்டு மேலேறுகிறது, அது ஏற ஏறப் பயிற்சியாளரும் கூடவே எழுகிறாள். இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். தையற்கடைக்காரியின் கண் எதிரே இருக்கும் புருவத்தைத் துழாவுகிறது. "வலிக்குதா?" என்று கேட்டே விடுகிறாள். "இல்லக்கா," என்கிறது அந்த முகம்.