நான்கு பித்தளை ஆணிகள்

ஏழாவது தோட்டாவும் பலகையின் ஓரத்தைத்தான் பிய்த்தது.

ஆர்வோ துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்திவிட்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஸ்கோப்பின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். காலையிலிருந்து அதை மூன்று முறை துடைத்தாகிவிட்டது.

வெறும் எழுபத்தைந்து மீட்டர். ஒரு காலத்தில் அந்தத் தூரத்தில், கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்து, சுட்டுவிட்டு, ஆறுவதற்குள் எடுத்துக் குடித்தவர் அவர்.

துப்பாக்கி வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. கடைக்காரன் தானே சுட்டுப் பார்த்து, ஸ்கோப்பைச் சரிசெய்து, சுட்ட தாளையும் கூடவே கொடுத்திருந்தான். அதில் இருந்த மூன்று துளைகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். ஸ்கோப்பின் திருகைத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். ஆர்வோ தொடவில்லை.

அந்தத் தாள் வேறு எவனுடைய துப்பாக்கியின் தாளோ என்று முதலில் சொன்னார். பிறகு காற்றைக் குறை சொன்னார். பிறகு தோட்டாவை. பிறகு துப்பாக்கியின் மரக்கட்டையில் ஈரம் ஏறிவிட்டது என்றார்.

மணல் வெட்டியெடுத்த அந்தப் பள்ளத்துக்குள் காற்றே இல்லை. விளிம்பில் நின்ற பிர்ச் மரங்களில் ஒரு மஞ்சள் இலைகூட அசையவில்லை.

மகள் கைசா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அரைக் கோப்பைதான் ஊற்றினாள்.

"என்னடி, காப்பிக்குமா பஞ்சம் வந்துடுச்சு?"

குடித்துவிட்டுக் கேட்டால் மறுபடி ஊற்றுவதாகச் சொன்னாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் ஊற்றுகிறாள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. சதுப்பின் மேற்கு ஓரத்தில் நின்று சுடும் ஆறாம் எண் இடம் முப்பத்தொரு வருடமாக அவருடையது.

போன வருடம் அங்கே நின்றுதான் சுட்டார். ஒரு பெண் மூஸ் வயிற்றில் குண்டோடு ஓடிவிட்டது. காயம்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கம் அங்கே கிடையாது. வேட்டைக் குழுவின் பதினான்கு பேரும் இரண்டு நாள் முழங்கால் சேற்றில் நடந்தார்கள். நாய் ஹல்லியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவள் கைசா. கண்டுபிடித்தபோது அது படுத்தபடியே தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

யாரும் ஆர்வோவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே பழைய துப்பாக்கிமேல் பழியைப் போட்டு அதை விற்றார்.

குழுத் தலைவன் ரைமோ நேற்றுப் போனில் பேசினான். மதியம் வந்து புதுசைப் பார்ப்பதாகவும், தோட்டா சொன்ன இடத்தில் விழுந்தால் ஆறாம் எண் அவருக்குத்தான் என்றும் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆர்வோ மணி பார்த்தார். பன்னிரண்டாக இருபது நிமிடம் இருந்தது.

"நீ சுடு. உனக்கு ஒழுங்கா விழுந்துச்சுன்னா தப்பு என்மேலதான். எல்லாத்தையும் வித்துட்டுத் தூண்டில் போடப் போயிடறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கைசா சிரிக்கவில்லை.

புதுத் தாளை மாட்ட அவரே நடந்து போனார். நான்கு மூலைக்கும் பித்தளைத் தலை வைத்த சின்ன ஆணிகள். மூன்றாவது ஆணி இரண்டு முறை மணலில் விழுந்தது. அவர் குனிந்து தேடி, எடுத்து, குத்தி முடிக்கும்வரை கைசா பிர்ச் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் படித்தபோது பனியில் சறுக்கிக்கொண்டே சுடும் போட்டிக்கு மாவட்டம் வரை போனவள் அவள். மூட்டைக்குப் பின்னால் அடங்கி உட்கார்ந்து, ஒரு மூச்சுக்கு ஒன்றாக நான்கு முறை சுட்டாள்.

ஆர்வோ பைனாகுலரைப் பலகைமேல் பிடிக்கப் பார்த்தார். பலகை கண்ணாடிக்குள் நிற்காமல் ஆடியது. ஆனால் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தில் ஒரு துளையும் இல்லை என்பது தெரிந்தது. நான்காவது வெடிக்குத் தாள் பலகையிலிருந்து கழன்று கீழே சரிந்தது.

அப்படியானால் தப்பு அவர்மேல் இல்லை.

"நாலும் நாலு பக்கம் போகுதுப்பா," என்றாள் கைசா, அவர் முகத்தைப் பார்க்காமல். "இதை வெச்சுக்கிட்டு ஒரு உயிர்மேல குறி வைக்கக் கூடாது. கடைக்கே அனுப்பிடலாம். திரும்பி வர்றதுக்குள்ள பனி விழுந்துடும்."

சொன்னேனே, சொன்னேனே என்று முணுமுணுத்தபடி அவர் ஏறக்குறைய ஓடினார். ரைமோவிடம் காட்டத் தாள் வேண்டும்.

எடுத்துத் திருப்பினார். கறுப்பு வட்டம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிலும் எங்கேயும் எதுவும் படவில்லை.

நான்கு துளைகளும் நான்கு மூலைகளில் இருந்தன. அவர் ஆணி குத்திய அதே இடங்களில்.

காலடி மணலில் ஒரு பித்தளைத் தலை நசுங்கிக் கிடந்தது.

அவர் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்து மேல்கோட்டுப் பைக்குள் வைத்தார். கையை வெளியே எடுக்கவில்லை.

ரைமோவின் வண்டி பள்ளத்துக்குள் இறங்கி வந்து நின்றது. என்ன ஆயிற்று என்று ஜன்னல் வழியாகவே கேட்டான்.

"துப்பாக்கி சரியில்லப்பா. ஆறாம் நம்பர்ல வேற ஆளைப் போடு. நான் கைசாகூட நாயைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

சுட்ட தாளைக் காட்டும்படி ரைமோ கேட்டான்.

காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் ஆர்வோ.

ரைமோ மரங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

கைசா அரைக் கோப்பை ஊற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய கோட்டுப் பைக்குள் தாள் நிற்காமல் சரசரத்துக்கொண்டே இருந்தது.