ஆதாரம் ஒன்று

சன்னல் கண்ணாடி நொறுங்கியதும் ஜெஸிந்தா டீச்சர் மாணவி தாரணியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். டீச்சர் தாரணியின் கழுத்தை நெரித்துக் கொல்லும் வீடியோ காலையிலிருந்து ஊரெல்லாம் ஓடியது. செத்தவளோ டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உயிரோடு நின்றாள்.

வெளியே திரண்ட கூட்டத்திலிருந்து கடப்பாரையோடு முதலில் உள்ளே குதித்தவன் தாரணியின் அண்ணன் கபிலன். இணையத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கும் பாடத்தில் டீச்சரிடம் முதல் மார்க் வாங்கியவன்.

"அண்ணா, நான் சாகலைண்ணா!"

ஓங்கிய கை நின்றது. எதையும் இணையத்தில் சரிபார்த்துச் சொல்லும் அவன் கணினி மூக்குக்கண்ணாடி தாரணியின் முகத்தை அளந்து, ஓரத்தில் சிவப்பாகக் காட்டியது: ஆதாரம் ஒன்று. அவள் செத்த வீடியோவுக்கு நாலாயிரம் ஆதாரம் இருந்தது.

"ஒரே இடத்துல பார்த்ததை நம்பாதேன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?"

செத்த தங்கைக்காக அழுதுகொண்டே, குறுக்கே விழுந்த தங்கையை உதறித் தள்ளிவிட்டு, கடப்பாரையை டீச்சரின் மண்டையில் இறக்கினான்.